தவிட்டுக்கு வாங்கிய ராஜகுமாரன்

சேவல்கோட்டை ராஜாவுக்குப் பிறந்த நாலாவது பிள்ளையைப் பழைய முறம் ஒன்றில் கிடத்தி, அரண்மனைக் கொல்லைக் குப்பைமேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்டால் உங்களுக்குப் பகீரென்று இருக்கும், ஆனால் அந்தப் பிள்ளைமேல் அவர்கள் வைத்திருந்த ஆசையை அந்தச் சீமையில் யாரும் யார்மேலும் வைத்திருக்கவில்லை, ஏனென்றால் அதற்கு முன் பிறந்த மூன்றுக்கும் வாய்கொள்ளாத பெயர்களை வைத்து, யானைமேல் சர்க்கரை மூட்டைகளை ஏற்றி ஊருக்கெல்லாம் வழங்கி, அந்த இனிப்பு ஊரின் நாக்கிலிருந்து போவதற்குள் மூன்றையும் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற முறை ஒன்று அங்கே உண்டு. பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து ஓர் ஏழைப் பொம்பளைக்குத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும், வாங்கினவள் அதற்குக் குப்பன் என்றோ பிச்சை என்றோ பெயர் வைக்க வேண்டும், எடுத்துக்கொண்டு போக வருகிறவன் யாராக இருந்தாலும் இது ஒன்றுக்கும் ஆகாத பண்டம் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவான். காதுகுத்து வரைக்கும் பிள்ளை வாங்கினவளுடையது. காதுகுத்து அன்றைக்கு அதே அளவு தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பெற்றவள் பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம், தன் வாயால் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடலாம். அதுவரைக்கும் அவள் அதற்கு ஒரு பெயரும் சொல்லக் கூடாது, என் பிள்ளை என்று மூச்சுவிடக் கூடாது.

வாங்க வந்தவள் காத்தாயி, அரண்மனைக் கொல்லையைக் கூட்டுகிறவள். அவளைப் பொறுக்கி எடுத்ததற்குக் காரணம், அவள் பெற்ற ஆறும் உயிரோடு இருந்தன, ஆறும் மண்ணைத் தின்று, மழையில் ஊறி, மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு, அவள் திட்டத் திட்டக் கொழுத்துக்கொண்டிருந்தன. கடைசியது இன்னும் பால் மறக்கவில்லை. ராணி வடிவாம்பாள் நாச்சியார் பச்சை உடம்போடு, இரண்டு தாதிகள் தாங்கிப் பிடிக்க, தானே குப்பைமேட்டுக்கு வந்திருந்தாள்.

"ஏ காத்தாயி, இந்தச் சனியன் எனக்கு வேணாம். நீ வச்சுக்கிறியா?" என்றாள் நாச்சியார். சொல்ல வேண்டிய முறைக்குத்தான் சொன்னாள்.

காத்தாயி முறத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "மூக்கும் முழியும் ஒண்ணும் சொல்லிக்கிறாப்புல இல்லையே ஆத்தா. எங்கிட்ட ஒரு படி தவிடுதேன் இருக்கு."

"அதுக்கே இது பெறாது. எடுத்துட்டுப் போ."

காத்தாயி தவிட்டைக் கொட்டினாள், பிள்ளையைக் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டினாள், சாம்பலும் வாழைச் சருகும் ஒட்டிக்கொண்ட அந்தச் சிவந்த உடம்பைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "டேய் குப்பா" என்றாள். பிள்ளை ஒரு தும்மல் போட்டது. நாச்சியார் அழுகையை முந்தானையில் அமுக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பிள்ளை அரண்மனையிலேயே வளரும், ஆனால் தினமும் காலையில் அதைக் கொல்லைக்குக் கொண்டுவந்து காத்தாயி மடியில் கிடத்த வேண்டும், முதல் பால் அவளுடையது, முதல் திட்டும் அவளுடையது என்று ஏற்பாடு.

பிள்ளையின் பெயரை ஊருக்குத் தண்டோரா போட்டுச் சொன்னார்கள். ராஜகுமாரனுக்குக் குப்பன் என்று பெயர் வைத்திருக்கிறது என்று தண்டோராக்காரன் சொன்னதும், குடித்துவிட்டு உளறுகிறான் என்று ஜனங்கள் அவனை அடித்தார்கள். மறுபடி சொல்லச் சொன்னார்கள், மறுபடியும் அதையே சொன்னான், அதனால் மறுபடியும் அடித்தார்கள். அப்புறம் அரண்மனை முத்திரையைக் காட்டினான், அதற்கப்புறந்தான் ஊர் யோசிக்க ஆரம்பித்தது. பெண்களுக்கு விஷயம் சட்டென்று விளங்கிவிட்டது, தங்களில் பலர் வீட்டிலும் ஒரு குப்பனோ குப்பாயியோ இருந்ததால், புள்ள தங்குனாச் சரி என்று சொல்லி அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஆண்களும் பெருந்தன்மையோடு தலையாட்டினார்கள். பக்கத்துப் பனையடி ஜமீனிலிருந்து பரிசு வந்து சேரும்வரை அந்தப் பெருந்தன்மை நீடித்தது.

பரிசு பட்டுத்துணி போர்த்திய பெரிய தாம்பாளத்தில் வந்தது, முன்னால் நாகஸ்வரம், பின்னால் குதிரை. சபையில் துணியை விலக்கினால் உள்ளே ஒரு சாண் உயரத்தில் தங்க விளக்குமாறு, பக்கத்தில் தங்கத்தில் ஒரு குப்பைக்கூடை. கொண்டுவந்தவன் குனிந்து கும்பிட்டு, இளவரசர் வளர்ந்ததும் கையாளுவதற்காக எங்கள் ஜமீன்தார் கொடுத்தனுப்பினார் என்றான், அவன் முகத்தில் ஒரு மயிரிழை சிரிப்புக்கூட இல்லை. அன்றைக்குச் சேவல்கோட்டை சபையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சந்தைக்குப் போனால் வெளியூர்க்காரர்கள், ஓ, குப்பை ராஜா ஊரா என்று கேட்டார்கள், பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்டார்கள், எருமை பிடிக்கப் போன இடத்தில் கேட்டார்கள். மானம் என்பது இப்படித்தான், அதுவரை அது இருக்கிற இடமே தெரியாதவனுக்குக்கூட யாராவது சிரித்துவிட்டால் உடம்பெல்லாம் வலிக்க ஆரம்பித்துவிடும்.

ராஜாவைத் திட்ட முடியாது, ராணியைத் திட்ட முடியாது, முறையை மீறப் பயம். ஆகவே ஊர் தன் கோபத்தைக் கொட்ட ஏற்கெனவே குப்பன் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தவர்களைத் தேடிப் போயிற்று. குயவர் தெருக் குப்பன், பாவம், தண்டோரா கேட்ட நாளிலிருந்து, நானும் ராசாவும் ஒரே பேரு என்று கள்ளுக்கடையில் எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். அவனைச் சூளைச் சாம்பலில் முகம் குப்புறத் தள்ளிப் பெயரை விடச் சொன்னார்கள். மற்றக் குப்பன்களும் பெயரை விட்டார்கள். அவர்களுக்கு வேறு பெயர் தர யாருக்கும் தோன்றவில்லை, ஆகவே அவர்கள் பெயரில்லாமலே வேலைக்குப் போய்ப் பெயரில்லாமலே திரும்பினார்கள். குயவனின் ஆத்தா பழக்கதோஷத்தில், "குப்பா, கஞ்சி ஆறுதுடா" என்று வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டாள், அவள் நாக்கில் சூடு வைத்தார்கள். சூடு வைத்த கையோடு கோவிலுக்குப் போய் இளவரசர் பெயரில் அர்ச்சனையும் செய்தார்கள். அர்ச்சகர் எந்தப் பெயருக்கு என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அங்கேதான் எண்ணெய்க்காரத் தெருப் பெரியவர்களுக்கு யோசனை பிறந்தது. வாங்கினவள் வைத்த பெயரை மாற்றக் கூடாது என்றுதானே முறை, மற்றவர்கள் பட்டம் கொடுக்கக் கூடாது என்று எந்த முறையில் இருக்கிறது? பெயர் அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கட்டும். அவர்கள் மேளதாளத்தோடு அரண்மனைக்குப் போய், இன்னும் குப்புற விழத் தெரியாத, படுத்த இடத்தையெல்லாம் நனைத்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைக்கு, ஏழ்கடல் அடக்கிய ஏந்தல் என்று பட்டம் சூட்டினார்கள். பிள்ளை கால்களை உதைத்தது. உதைத்த கால் பக்கத்திலிருந்த பால்செம்பில் பட்டு ணங்கென்று கேட்டது.

தாதி எடுத்துப் பார்த்தாள். இடது காலின் சுண்டுவிரல் ஐம்பொன்னாக இருந்தது. கோவிலில் உற்சவர் விக்கிரகத்தைச் செய்கிற அதே ஐம்பொன், நகக்கண் உட்பட அத்தனை சுத்தமான வேலை. அரண்மனை வைத்தியர் வந்து நாடி பார்த்து, வாதமும் இல்லை பித்தமும் இல்லை என்றார். தட்டார் வந்து உரைகல்லில் விரலை உரசிப் பார்த்து, கலப்படம் இல்லை என்றார். இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டு ஊருக்கு நிம்மதியாயிற்று. ராஜ வம்சம் என்றால் அப்படித்தான் இருக்கும், இத்தனை நாள் அதற்குத் தோதான வார்த்தையை யாரும் சொல்லாததால் வெளியே வராமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு தெருத்தெருவாகப் பட்டம் கொண்டுவந்தார்கள். நெசவாளர் தெரு, திசைகளுக்குக் குடைபிடித்த செம்மல் என்று சூட்டி வலது கையைப் பெற்றது, பாத்திரக்காரத் தெரு, பகைவர் முடி மிதித்த பெருமான் என்று சூட்டி இரண்டு முழங்கால்களையும் பெற்றது, கொத்தர் தெரு சூட்டிய பட்டம் போய் விழுந்த இடத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஊரில் பல நாள் அவர்களைப் பார்த்தால் சிரித்தார்கள், அவர்களோ அதுதான் வம்சத்துக்கே ஆதாரம் என்று மார்தட்டிக்கொண்டார்கள். ஒரு சுண்டுவிரலோடு முடிந்துபோன எண்ணெய்க்காரத் தெருக்காரர்கள் தங்களை ஏய்த்துவிட்டதாகச் சண்டைக்கு வந்தார்கள். திருவிழாவில் முதல் மரியாதை இனிமேல் பிள்ளையின் எந்தப் பாகம் எந்தத் தெருவுடையதோ அந்த வரிசைப்படிதான் என்று ஆனதும், அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொண்டார்கள். பிள்ளை தவழ வேண்டிய காலத்தில் தவழவில்லை. ராஜா எதற்குத் தவழ வேண்டும் என்று கேட்டார்கள். பிள்ளை அழுதது. அதை மட்டும் யாருடைய தெருவும் ஏற்றுக்கொள்ளவில்லை.

காத்தாயிக்கு இதெல்லாம் காதில் விழுந்தது, ஆனால் பெரிய இடத்துச் சமாசாரம் என்று விட்டுவிட்டாள். ஒரு நாள் காலையில் பிள்ளையை மடியில் வாங்கும்போதுதான் கனம் தெரிந்தது. தொட்டால் கைகால் சில்லிட்டுக் கிடந்தது, முகமும் வயிறும் மட்டும் சூடாக இருந்தன, அந்தச் சூடான முகம் அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

"என்னடா குப்பா, ஒன்ன என்ன பண்ணித் தொலைச்சாய்ங்க?" என்று அவள் அந்தக் காலைப் பிடித்துத் தேய்த்தாள். "நாறப்பயலே, குப்பமேட்டுக் குப்பா, எந்தக் கழுத பெத்துப் போட்டதோ, ஒரு படித் தவிட்டுக்கு வாங்கி எம்பொழப்பக் கெடுத்துக்கிட்டேனே, ஒதடா கால, ஒதச்சுத் தொல."

அவள் கைக்குள்ளேயே உலோகம் தளர்ந்தது. முதலில் குதிகால், அப்புறம் விரல்கள், கடைசியாக அந்தச் சுண்டுவிரல், சிவந்து, சுருங்கி, சூடாகி, அவள் தாடையில் ஓர் உதை விட்டது. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே இன்னும் மோசமாகத் திட்டினாள். தன் ஆறு பிள்ளைகளை அவள் திட்டாத திட்டையெல்லாம் இதற்குத் திட்டினாள், ஏனென்றால் அவற்றுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. பகலெல்லாம் ஊர் சூட்டியதைக் காலையில் அவள் தேய்த்தும் திட்டியும் இறக்கினாள், அவள் இறக்கியதைப் பகலில் ஊர் ஏற்றியது. பிள்ளை இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தது. அதற்குப் பல் முளைத்தது, மடியில் உட்காரத் தெரிந்தது, தூரத்தில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பத் தெரிந்தது.

நாளுக்கு நாள் காலையில் பிள்ளை அதிகக் கனத்தோடு வந்தது, அதிக நேரம் திட்ட வேண்டியிருந்தது. ஒரு நாள் நெஞ்சுக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஐம்பொன் ஏறியிருப்பதைக் காத்தாயி பார்த்தாள். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கொல்லைக்காரி தாண்டக் கூடாத நடையைத் தாண்டி உள்முற்றத்துக்கே போய் நாச்சியார் முன்னால் நின்றாள்.

"ஆத்தா, பட்டத்த நிப்பாட்டச் சொல்லுங்க. நெஞ்சுக்கூட்டுக்கு வந்துருச்சு. உள்ளுக்குள்ள போயிருச்சுன்னா நான் எம்புட்டுத் திட்டுனாலும் எறங்காது."

நாச்சியார் பிள்ளையைத் தொடக் கையை நீட்டி, முறை ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள். "ஒம்புள்ளைக்கு வலிக்குதா காத்தாயி?"

"வலிக்காமயா அழுவுது?"

பக்கத்தில் திவான் இருந்தார். ஊர் கொடுக்கிற பட்டங்களை எல்லாம் வரிசைப்படுத்தி மனப்பாடமாக வைத்திருந்தவர் அவர்தான், மெலிந்த, மரியாதை தவறாத மனிதர், கோபமே வராது. அவர் காத்தாயி பக்கம் திரும்பாமல் நாச்சியாரிடம் பேசினார்.

"நாச்சியார் ஒன்று யோசிக்கணும். மூணு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தீக. தசையும் ரத்தமுமா இருந்ததாலதான் மண்ணு கேட்டுச்சு. ஐம்பொன்னை எந்த மண்ணு கேக்கும்? காய்ச்சல் வராது, மாந்தம் வராது, அம்மை போடாது. ஒங்க காலத்துக்கு அப்புறமும் இருப்பாரு, ஒங்க பேரப்பிள்ளைக காலத்துக்கு அப்புறமும் இருப்பாரு."

"ஆத்தாவுக்கு ஏது சாமி பேரப்பிள்ளைக? கொத்தர் தெருக்காரவுகதேன் முடிச்சுவிட்டாகளே" என்றாள் காத்தாயி. அவளுக்கு வாய் எப்போதும் அப்படித்தான்.

திவான் சிரிக்கவில்லை. நாச்சியாரும் சிரிக்கவில்லை, அவள் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிள்ளை காத்தாயியின் பாசிமணியைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. பிள்ளை ஒரு தடவையாவது தன் பக்கம் திரும்புமா என்று அவள் பார்த்தாள். அது திரும்பவில்லை.

விஷயம் ராஜா காதுக்குப் போயிற்று. ராஜா பரிசு வந்த அன்றிலிருந்தே தங்க விளக்குமாற்றைத் தன் படுக்கையறையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்தே மெலிந்துகொண்டிருந்தார், அவருக்கு இந்தப் பிள்ளை ஒரு பிள்ளையாகத் தெரிவது எப்போதோ நின்றுபோயிருந்தது. காலையில் இறங்குகிறது என்றால் கொல்லைக்காரி வாயால்தான் இறங்குகிறது, அவள் வாயை அடைக்க வேண்டுமானால் பிள்ளையை அவளிடமிருந்து முறைப்படி மீட்க வேண்டும், மீட்கக் காதுகுத்து வேண்டும் என்று திவான் கணக்குச் சொன்னார். உடனே நாள் பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் ஓலை போயிற்று, பனையடி ஜமீனுக்கும் போயிற்று, அவர்கள்தான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ராஜா ஆசைப்பட்டார்.

காதுகுத்து அன்றைக்கு அரண்மனை முன்வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். இருக்கிற தெருவெல்லாம் தன் தன் பாகத்தின் கொடியோடு வந்திருந்தது, முழங்கால் கொடி, மணிக்கட்டுக் கொடி, எண்ணெய்க்காரத் தெருவின் சின்னஞ்சிறு சுண்டுவிரல் கொடி. நடுவில் காத்தாயி புதுச்சேலையில் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். காது குத்தத் தசை வேண்டும், உலோகத்தில் ஊசி இறங்காது என்பதால் அன்றைக்குக் காலையில் அவளை வேண்டிய மட்டும் திட்ட விட்டிருந்தார்கள், அவளும் ஒரு மயிர்க்கால் மிச்சமில்லாமல் இறக்கியிருந்தாள். தலையிலிருந்து கால்வரை தசையாக, கொழுகொழுவென்று, எச்சில் வடிய, முதன்முதலாக முழுப் பிள்ளையாக அவன் ஊருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். இதுவா ராஜகுமாரன், இது நம் வீட்டுப் பிள்ளை மாதிரியல்லவா இருக்கிறது என்று முணுமுணுப்பு கிளம்பியது. பனையடிக்காரர்கள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்கள்.

தட்டார் இரண்டு காதையும் குத்தினார். பிள்ளை வீலென்று கத்தியது. திவான் வெள்ளிப்படி நிறையத் தவிட்டை எடுத்துக் காத்தாயி முன்னால் கொட்டினார்.

"எடுத்துக்க."

"எனக்குத் தவிடு வேணாம் சாமி" என்றாள் காத்தாயி.

"என்னது?"

"வேணாம். என் மாடு தவிடு திங்கிறதில்ல."

அவளிடம் மாடே கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்கினவள் தவிட்டைக் கைநீட்டி வாங்காமல் விற்பனை முறியாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். எங்கோ பின்னாலிருந்து ஒருவன், ஏழ்கடல் அடக்கிய ஏந்தல் என்று கத்தினான். இன்னொருவன் கத்தினான். அத்தனை தெருவும் கத்தியது. பிள்ளையின் கால்கள் மங்கி மஞ்சளித்து இறுகின, காத்தாயி அந்தக் கால்களைக் கையால் பொத்திக்கொண்டு, "குப்பா, குப்பா, டேய் நாறக் குப்பா, கேக்காதடா, என்னயப் பாருடா" என்று தொண்டை கிழியக் கத்தினாள், இறுகின கால் இளகியது, கை இறுகியது, கை இளகியது, வயிறு இறுகியது. ஒரு பொம்பளையின் தொண்டைக்கும் ஓர் ஊரின் தொண்டைக்கும் நடுவில் அந்தச் சின்ன உடம்பு வெயிலும் நிழலுமாக மாறிக்கொண்டிருந்தது. காத்தாயி தோற்கவில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். ஊர் வாய் ஓய்ந்தது, அவள் வாய் ஓயவில்லை, கடைசித் தெருக்காரனுக்கும் குரல் கம்மிப் போனபோது பிள்ளை தசையாகத்தான் இருந்தது.

அந்த அமைதியில் நாச்சியார் எழுந்து வந்தாள். அவளைப் பார்த்ததும் காத்தாயிக்கு உயிர் வந்தது. பெற்றவளாயிற்றே, மூன்றைப் பறிகொடுத்தவளாயிற்றே. நாச்சியார் மண்டியிட்டு, கொட்டியிருந்த தவிட்டின்மேலேயே மண்டியிட்டு, பிள்ளையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். "வாடா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

"போடா, ஒன்னப் பெத்தவ கூப்புடுறா, போ" என்றாள் காத்தாயி. அவளே பிள்ளையை மடியிலிருந்து தூக்கி நீட்டினாள்.

பிள்ளை அந்த நகை போட்ட கைகளைப் பார்த்தது, அந்த முகத்தைப் பார்த்தது. பிறகு உடம்பை வளைத்துத் திரும்பி, காத்தாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்க, தன் வாழ்நாளின் முதல் வார்த்தையாக, "ஆத்தா" என்றது.

முதல் வரிசையில் பனையடி ஜமீன்தார் துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

நாச்சியாரின் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் முகத்தில் அப்போது வந்ததைக் காத்தாயி மட்டுந்தான் அத்தனை பக்கத்திலிருந்து பார்த்தாள். அது கோபமாக இருந்திருந்தால் காத்தாயி அவள் காலில் விழுந்திருப்பாள். ஆனால் அது, நாலாவதும் போய்விட்டது என்று தெரிந்துகொண்டவளின் முகம். "ஆத்தா, வேணாம் ஆத்தா" என்று காத்தாயி சொல்லி முடிப்பதற்குள், பிள்ளைக்கு அதுவரை ஒரு பெயரும் சொல்லாத அந்த வாய், பெற்ற வாய், திறந்து, நிதானமாக, ஓர் எழுத்துக்கூட விடாமல் சொன்னது: "திக்கெல்லாம் புகழ் மணக்கும் தேவமார்த்தாண்ட பூபதி."

மற்றவர்கள் வார்த்தை விரலையும் முழங்காலையும்தான் எடுத்தது. இது மொத்தத்தையும் எடுத்துக்கொண்டது. காத்தாயியின் கழுத்தைக் கட்டியிருந்த கைகள் கட்டியபடியே இறுகியதில் அவளுக்கு மூச்சு முட்டியது, தட்டார் வந்து எண்ணெய் போட்டு வழுக்கி எடுக்க வேண்டியதாயிற்று. அவள் குப்பா குப்பா என்று கத்தினாள், கத்தக் கத்தச் சூடு ஆறியதே தவிர திரும்பவில்லை. ஊர் எழுந்து நின்று கும்பிட்டது. பனையடி ஜமீன்தார் சிரிப்பு அடங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, தானும் கும்பிட்டார். எத்தனை லட்சணம் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாச்சியார் பிள்ளையைத் தூக்கப் பார்த்தாள், தூக்க முடியவில்லை, அவ்வளவு கனம்.

பிறகு சேவல்கோட்டை மிகவும் நன்றாக இருந்தது. இளவரசருக்கு மண்டபம் கட்டினார்கள், தெருவுக்கு ஒரு தூண். வாய் மட்டும் திறந்திருந்தது, சோறு கேட்கிற மாதிரி இருக்கிறது, பார்க்க நன்றாயில்லை என்று சொல்லித் தட்டாரைக் கொண்டு மெழுகும் பொன்னும் வைத்து மூடி, அதில் ஒரு புன்னகையையும் செதுக்கிவிட்டார்கள். அந்தப் புன்னகையைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். நாச்சியார் தினமும் வந்து எதிரில் உட்கார்ந்து, எம்புள்ள, எம்புள்ள என்று சொல்லிக்கொண்டிருப்பாள், அதற்கு இப்போது எந்தத் தடையும் இல்லை. மண்டபத்துக்குள் கால்வைக்க வேண்டுமானால் இளவரசரின் முழுப் பெயரை, தெருக்கள் கொடுத்த பட்டங்கள் அத்தனையும் வரிசை மாறாமல், வாசலில் நிற்கிற காவல்காரனிடம் சொல்ல வேண்டும் என்று திவான் விதி வைத்தார்.

ஐம்பொன் என்றால் களிம்பு ஏறும், வெள்ளிக்கு வெள்ளி புளி போட்டுத் துலக்க வேண்டும். ராஜ உடம்பைப் புளியும் சாம்பலும் தொட்டுத் தேய்க்க யாருக்கும் கை வரவில்லை, துலக்குகிற வேலை கூட்டுகிறவளுக்குத்தான் என்று தீர்மானித்தார்கள். முதல் வெள்ளிக்கிழமை காத்தாயி புளி உருண்டையோடு வாசலுக்குப் போய், "குப்பனப் பாக்கணும்" என்றாள். அவளுக்கும் நாக்கில் சூடு வைத்தார்கள்.

அதற்கப்புறம் அவள் மண்டபத்து வாசலைக் கூட்டுகிற சாக்கில் அங்கேயே சுற்றிச்சுற்றி வந்தாள், உள்ளே போகிறவர்கள் சொல்வதைக் காதில் வாங்கி வாங்கி, விளக்குமாற்றை இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பட்டமாக வாய்க்குள் உருப்போட்டாள். அவள் பிள்ளைகள் ஆத்தாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பயந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை குளித்து, தலையை முடிந்து, காவல்காரன் முன்னால் கையைக் கட்டி நின்றாள். ஏழ்கடல் அடக்கிய ஏந்தல் என்று ஆரம்பித்தாள். வெந்த நாக்கு பாதி எழுத்தில் தடுக்கிற்று. சரியாகச் சொல் என்று காவல்காரன் முதலிலிருந்து சொல்ல வைத்தான், தடுக்கின இடத்திலெல்லாம் திரும்பச் சொல்ல வைத்தான். அவள் கோபப்படவில்லை, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொன்னாள், குடைபிடித்ததைச் சொன்னாள், முடி மிதித்ததைச் சொன்னாள், எல்லாத் தெருவையும் சொல்லி, கடைசியில் நாச்சியார் சொன்னதையும், நாச்சியார் சொன்ன மாதிரியே நிதானமாக, ஓர் எழுத்துக்கூட விடாமல் சொன்னாள்.

"ம், போ" என்றான் காவல்காரன்.

காத்தாயி உள்ளே போய், பிள்ளையை இரண்டு கையாலும் இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, காதுக்குப் பின்னாலிருந்து துலக்க ஆரம்பித்தாள்.